நடுவரைக் கேட்க ஒரு நிமிடம்

திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தடிக்கிறாள். இலஞ்சிக்குப் பக்கத்து ஊரான மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் பாடியது. சந்தத்துக்காகவே பேர்பெற்ற பகுதி அது. அவள் பந்தடிக்கும்போது வளை ஒலிக்கிறது, சிலம்பு ஒலிக்கிறது, இடை துவள்கிறது, கொங்கை அசைகிறது. பார்க்கிறவருக்கு அவள் உடம்பு முழுக்கத் தெரிகிறது. அவள் கை எவ்வளவு தேர்ந்த கை என்பதில் மட்டும் பாட்டுக்கு அக்கறை இல்லை.

கொங்குவேளிரின் பெருங்கதை அப்படியல்ல, அதில் கணக்கு உண்டு. பெண்கள் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக வந்து பந்தடிக்கிறார்கள். யார் எத்தனை அடித்தார்கள் என்பது ஆயிரக்கணக்கில் எண்ணிச் சொல்லப்படுகிறது. கடைசியில் மானனீகை எல்லோரையும் மிஞ்சுகிறாள். ஆனால் அவள் வெற்றியின் பலன் என்ன? ஆட்டத்தைப் பார்த்த உதயணன் அவள்மேல் காதல் கொள்கிறான். எண்ணிக்கை அதோடு மறக்கப்படுகிறது.

இவற்றுக்கெல்லாம் முந்தியது கபிலரின் குறிஞ்சிப்பாட்டு. விழாக்களத்தில் வாத்தியம் முழங்க, கயிற்றின்மேல் தாளத்தோடு நடக்கும் ஆடுமகள் ஒருத்தி அதில் வருகிறாள். மலைச்சாரலில் ஒரு மயில் தளர்ந்து நடப்பதைச் சொல்வதற்கு உவமையாக வருகிறாள். அவ்வளவுதான் அவளுக்கு இடம். அவள் பேர்த்திகளைக் குற்றாலச் சீசனில் நாம் இன்றும் பார்க்கிறோம். இரண்டு பக்கமும் மூங்கில் நட்டு, நடுவே கயிறு கட்டி, கையில் கழியோடு எட்டு வயதுப் பிள்ளை நடக்கும். கீழே அம்மா மேளம் தட்டுவாள். கூட்டம் சில்லறை போட்டுவிட்டு அருவிக்குப் போகும். அதே சமநிலையை, பத்து சென்டிமீட்டர் அகல பீம் மேல், அரங்கத்துக்குள் ஒரு பெண் காட்டினால் அதற்கு விளையாட்டு என்று பெயர். தெருவில் கயிற்றின் மேல் காட்டினால் வித்தை. எந்தச் சாதி, எந்த இடம் என்பதைப் பொறுத்து ஒரே திறமைக்கு இரண்டு பெயர்.

பெண்ணின் உடல்திறன் நம்மிடம் புதிதல்ல. அதைப் பார்க்கும் கண்ணும் புதிதல்ல. நவீன விளையாட்டு ஒரு வாக்குறுதியோடு வந்தது: பார்வையை நம்ப வேண்டாம், அளவுகோலை நம்புங்கள். ஓட்டத்துக்குக் கடிகாரம், தாண்டுதலுக்கு நாடா. ஜிம்னாஸ்டிக்ஸ் மட்டும் இதில் சிக்கலானது. அங்கேயும் எண் உண்டு, மூன்று தசமத்துக்குத் துல்லியமாக உண்டு. ஆனால் அந்த எண்ணை எழுதுவது மறுபடியும் கண்தான். அதனால் அதன் வரலாற்றை யார் வென்றார்கள் என்ற பட்டியலாகப் படிப்பதைவிட, போட்ட மதிப்பெண்ணை யாரால் கேள்வி கேட்க முடிந்தது, யாரால் முடியவில்லை என்று படிப்பது நமக்குக் கூடுதலாகச் சொல்லும்.

தலையைத் திருப்பிக்கொண்டவர்

ஒலிம்பிக்கில் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் 1928இல் ஆம்ஸ்டர்டாமில் குழுப் போட்டியாக நுழைந்தது. தனிநபர் பதக்கங்கள் 1952இல் ஹெல்சிங்கியில்தான் வந்தன. ஆண்களுக்கு ஆறு உபகரணம், பெண்களுக்கு நான்கு. தரை நிகழ்ச்சியை ஆண்கள் இசையில்லாமல் செய்வார்கள். பெண்கள் இசைக்கு ஏற்ப, நளினத்தோடு செய்ய வேண்டும். வலிமையைக் காட்டலாம், ஆனால் வலிமையாகத் தெரியக்கூடாது என்ற எதிர்பார்ப்பு விதிப்புத்தகத்திலேயே இருந்தது.

1968 ஆகஸ்டில் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாகியாவுக்குள் நுழைந்தன. அக்டோபரில் மெக்சிகோ ஒலிம்பிக். செக் வீராங்கனை வேரா சாஸ்லாவ்ஸ்கா ஒட்டுமொத்தப் பிரிவில் தங்கம் வென்றார். தரை நிகழ்ச்சியிலும் தங்கம் அவருக்கே என்று இருந்த நிலையில், சோவியத் வீராங்கனை லாரிசா பெட்ரிக்குக்குத் தகுதிச்சுற்றில் போட்ட மதிப்பெண் பிற்பாடு உயர்த்தப்பட்டது. தங்கம் இருவருக்கும் பகிரப்பட்டது. மேடையில் சோவியத் கீதம் ஒலித்தபோது சாஸ்லாவ்ஸ்கா தலையைத் தாழ்த்தித் திருப்பிக்கொண்டார். மதிப்பெண்ணை எதிர்த்துக் கேட்க அவருக்கு இருந்த ஒரே வழி கழுத்துதான். அதற்கும், தன் நாட்டின் சீர்திருத்த அறிக்கையில் கையெழுத்திட்டதற்கும் சேர்த்து, ஊர் திரும்பிய பிறகு பல ஆண்டுகள் வேலை மறுக்கப்பட்டு ஒதுக்கிவைக்கப்பட்டார்.

மெக்சிகோவில் அவருக்கு வயது 26. எட்டு வருடம் கழித்து மாண்ட்ரியலில் 14 வயது நாதியா கொமனெச்சி முதல் பத்துக்குப் பத்து வாங்கினார். பத்தைக் காட்டப் பலகையில் இடமில்லாமல் 1.00 என்று விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பத்து உலகெங்கும் சிறுமிகளை இந்த விளையாட்டுக்கு இழுத்தது. கூடவே, நிறைவான உடல் என்றால் பருவமெய்தாத உடல் என்ற எண்ணத்தையும் உறுதிப்படுத்தியது. கருவுற்றிருந்த நிலையிலேயே 1958 உலகப் போட்டியில் ஐந்து தங்கம் வென்ற லாரிசா லாத்தினினா போன்றவர்கள் இருந்த விளையாட்டு, சில ஆண்டுகளில் சிறுமிகளின் விளையாட்டானது. குறைந்தபட்ச வயதை 1981இல் 15, 1997இல் 16 என்று உயர்த்த வேண்டி வந்தது. பயிற்சியாளர் சொன்னால் மறுபேச்சில்லை, நடுவர் போட்டால் முறையீடில்லை என்ற பழக்கம் சிறுமிகளிடம் எளிதில் வேரூன்றும். அமெரிக்காவில் அணி மருத்துவர் லாரி நாசர் பல ஆண்டுகள் பிள்ளைகளைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியும் பிடிபடாமல் இருந்ததற்கும், 2018இல் 150க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் எழுந்து பேசும்வரை யாரும் காது கொடுக்காததற்கும் இந்தப் பழக்கம் ஒரு காரணம்.

ஐந்து சென்டிமீட்டர்

2000, சிட்னி. பெண்களுக்கான ஒட்டுமொத்தப் பிரிவு இறுதிப்போட்டி. வால்ட் மேசையில் ஒருவர் மாற்றி ஒருவராகச் சறுக்குகிறார்கள். ரஷ்யாவின் ஸ்வெத்லானா கோர்கினா முழங்காலில் விழுந்தார். உலகின் தேர்ந்த வீராங்கனைகள் இத்தனை பேர் ஒரே நாளில் ஏன் தடுமாற வேண்டும்? பதற்றம் என்றார்கள். நடுவர்கள் தவறுகளுக்குக் கழித்துக்கொண்டே இருந்தார்கள்.

ஆஸ்திரேலியாவின் அலானா ஸ்லேட்டர் தன் முறைக்குத் தயாரானபோது மேசை தாழ்வாக இருக்கிறது என்றார். அளந்து பார்த்தார்கள். 125 சென்டிமீட்டர் இருக்க வேண்டியது 120இல் இருந்தது. விரும்பியவர்கள் மறுபடி குதிக்கலாம் என்று அறிவித்தார்கள். ஆனால் கோர்கினா அதற்குள் அடுத்த உபகரணத்துக்குப் போய், கலங்கிய மனத்தோடு அங்கேயும் விழுந்திருந்தார். அந்த வீழ்ச்சியைத் திருப்பித் தர யாராலும் முடியவில்லை.

எனக்கு இந்த நிகழ்ச்சி முக்கியமாகப் படுவதற்குக் காரணம், ஸ்லேட்டருக்கு முன் குதித்தவர்கள். தடுமாறியவர்கள் தங்களைத்தான் நொந்துகொண்டிருப்பார்கள். விழுந்தால் தப்பு என்னிடம்தான் என்று நினைப்பதற்கே அவர்கள் பழக்கப்பட்டிருந்தார்கள். மேசையைச் சந்தேகிக்க ஒருத்திக்குத்தான் தோன்றியது. தேர்வில் தோற்றாலும், திருமணம் தோற்றாலும், வேலையை விட நேர்ந்தாலும் முதலில் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்ளும் நமக்கு அந்த ஐந்து சென்டிமீட்டர் புரியும்.

அன்று தங்கம் வென்ற ருமேனியாவின் ஆந்திரியா ரடுக்கானிடமிருந்து சில நாட்களில் அது பறிக்கப்பட்டது. சளிக்காக அணி மருத்துவர் கொடுத்த மாத்திரையில் தடைசெய்யப்பட்ட மருந்து இருந்தது. அவருக்கு வயது 16. மேல்முறையீடு தோற்றது.

2006: திறந்த தாளும் மூடிய உறையும்

2004 ஏதென்ஸில் ஆண்கள் பிரிவில் ஒரு பிழை நடந்தது. தென்கொரியாவின் யாங் தே யங்கின் ஆட்டத்துக்குத் தொடக்க மதிப்பு 0.1 குறைவாகக் கணக்கிடப்பட்டது. அவருக்கு வெண்கலம், அமெரிக்காவின் பால் ஹாமுக்குத் தங்கம். பிழை என்று சம்மேளனமே ஒப்புக்கொண்டது. ஆனால் உரிய நேரத்தில் முறையிடவில்லை என்று சர்வதேச விளையாட்டுத் தீர்ப்பாயம் கைவிரித்தது. இதன்பின் 2006இல் பத்துக்குப் பத்து முறை ஒழிக்கப்பட்டது. மதிப்பெண் இரண்டாகப் பிரிந்தது: செய்தது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒன்று, எவ்வளவு நேர்த்தி என்பதற்கு ஒன்று. எந்தத் தாவலுக்கு எவ்வளவு என்று புத்தகத்தில் அச்சாகியிருக்கும். விளக்கம் கேட்க வழி உண்டு.

அதே 2006, டிசம்பர். தோகா ஆசிய விளையாட்டு. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த, செங்கல்சூளைத் தொழிலாளர்களின் மகள் சாந்தி சௌந்தரராஜன் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். கடிகாரம் அளந்த வெற்றி. யாருடைய கண்ணும் மதிப்பெண் போடவில்லை. ஆனால் கண் வேறு வழியாக வந்தது. அவர் பெண்தானா என்று பரிசோதித்தார்கள். பதக்கத்தைத் திரும்பப் பெற்றார்கள். என்ன பரிசோதனை, என்ன முடிவு என்பதை அவருக்கு ஒழுங்காக விளக்கிச் சொன்னவர் இல்லை. உலகத்துக்கு மட்டும் தெரிந்துவிட்டது. மேல்முறையீடு என்று ஒன்று இருப்பதாக அந்தத் தலித் பெண்ணிடம் சொல்லவும் ஆளில்லை. பிறகு செங்கல்சூளை வேலைக்கே திரும்பினார். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகே அரசு அவரை நிரந்தரப் பயிற்சியாளர் ஆக்கியது. பதக்கம் திரும்பவில்லை.

ஒடிசாவின் நெசவாளர் குடும்பத்துப் பெண் துத்தி சந்துக்கு 2014இல் கிட்டத்தட்ட இதே நேர்ந்தது. காமன்வெல்த் போட்டி அணியிலிருந்து நீக்கப்பட்டார். இம்முறை அவரோடு நிற்க ஆட்கள் இருந்தார்கள். அவர் அதே தீர்ப்பாயத்துக்குப் போனார். 2015 ஜூலையில் அந்த ஹார்மோன் விதியே நிறுத்திவைக்கப்பட்டது. சாந்திக்கும் துத்திக்கும் இடையில் உடல் மாறிவிடவில்லை. கேட்கலாம் என்ற தகவலும், கேட்பதற்கான துணையும்தான் மாறின. அந்த விதி பிற்பாடு வேறு வடிவில் திரும்பி வந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தீபாவின் கணக்கு

புதிய மதிப்பெண் முறை அகர்தலாவில் ஒரு பெண்ணுக்குக் கதவைத் திறந்தது. தீபா கர்மாகர் 1993இல் பிறந்தவர். பழைய ஸ்கூட்டர் உதிரிபாகங்களைக் கொண்டு உபகரணம் செய்து பழகிய காலம் அவருக்கும் பயிற்சியாளர் விஸ்வேஸ்வர் நந்திக்கும் உண்டு. நேர்த்தி மதிப்பெண் என்பது வெறும் உழைப்பால் வருவதல்ல. நல்ல தளம், பஞ்சுக் குழி, பிசியோதெரபிஸ்ட், சர்வதேசப் போட்டி அனுபவம் எல்லாம் சிறுவயதிலிருந்தே வேண்டும். கடின மதிப்பெண் அப்படியல்ல. அதற்குத் துணிச்சல் இருந்தால் ஓரளவு ஈடுகட்டலாம். தீபா தேர்ந்தெடுத்தது புரொடுனோவா. மேசையில் கைகளால் உந்தி, காற்றில் இருமுறை முன்குட்டிக்கரணம் போட்டு நிற்க வேண்டும். தவறினால் கழுத்து. ‘மரண வால்ட்’ என்று அதற்குப் பெயர். மதிப்பு 7.0, அன்றைய புத்தகத்தில் மிக உயர்ந்தது.

2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் அவருக்கு வெண்கலம். 2016 ரியோவில், ஒலிம்பிக்குக்குப் போன முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனையாக, வால்ட் இறுதிக்கு எட்டாவது ஆளாகத் தகுதி பெற்றார். இறுதியில் 15.066, நான்காம் இடம். வெண்கலம் பெற்ற சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைன்க்ரூபருக்கு 15.216. இடைவெளி 0.150. ஸ்டைன்க்ரூபரின் தாவல்கள் தீபாவுடையதைவிடக் கடினம் குறைந்தவை, நேர்த்தி கூடியவை. தீபா தரையிறங்கும்போது மிகத் தாழ்வாகக் குந்தினார், அதற்குக் கழித்தார்கள். இதில் அநியாயம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்த 0.150க்குள் அகர்தலாவுக்கும் ஐரோப்பியப் பயிற்சிக்கூடத்துக்கும் உள்ள தூரம் இருக்கிறது. நடுவருக்கு அது தெரிய வேண்டியதில்லை. நமக்குத் தெரிய வேண்டும்.

ரியோவுக்குப் பிறகு வந்த புத்தகத்தில் புரொடுனோவாவின் மதிப்பு 6.4 ஆகக் குறைந்தது. பாதுகாப்பு காரணம். நியாயம்தான், போதிய தயாரிப்பில்லாமல் பிள்ளைகள் அதை முயல்வது ஆபத்து. 2019இல் சிமோன் பைல்ஸ் புதிதாகச் செய்த பீம் இறக்கத்துக்கும் இதே காரணம் சொல்லிக் குறைவாக மதிப்பிட்டார்கள். பைல்ஸ் வெளிப்படையாக எதிர்த்தார். பெண்களைக் காப்பாற்றப் போடும் விதி, அந்தப் பெண்களைக் கலந்து பேசாமலே போடப்படுகிறது என்பதுதான் சங்கடம். இரவு வேலை, விடுதி நேரம் எல்லாவற்றிலும் நாம் கேட்டுப் பழகிய நியாயம் இது.

தீபாவின் பிற்காலமும் நேர்க்கோடாகப் போகவில்லை. முழங்கால் அறுவை சிகிச்சை. தெரியாமல் உட்கொண்டதாக அவர் சொன்ன மருந்துக்காக 2023 ஜூலை வரை 21 மாதத் தடை. தடை முடிந்ததும் ஆசிய விளையாட்டுத் தேர்வுப் போட்டியில் முதலிடம். ஆனால் கடந்த ஓராண்டில் சர்வதேசப் போட்டிகளில் போதிய சாதனை இல்லை என்ற நிபந்தனையைக் காட்டி அணியில் இடம் மறுக்கப்பட்டது. தடையில் இருந்தவர் எந்தப் போட்டியில் சாதிப்பது? 2024 மே மாதம் தாஷ்கண்டில் ஆசிய சாம்பியன்ஷிப் தங்கத்தை வென்றார். இந்தியர் எவரும் அதற்கு முன் அதை வென்றதில்லை. அக்டோபரில் ஓய்வு பெற்றார்.

ஒரு நிமிடம் நான்கு நொடி

பாரிஸ், 2024 ஆகஸ்ட் 5. தரை நிகழ்ச்சி இறுதி. கடைசியாக ஆடிய அமெரிக்காவின் ஜோர்டன் சைல்ஸுக்கு 13.666, ஐந்தாம் இடம். ருமேனியாவின் ஆனா பார்போசுவும் சப்ரினா வொய்னியாவும் 13.700இல் சமம், நேர்த்தி மதிப்பெண் கூடுதலாக இருந்ததால் வெண்கலம் பார்போசுவுக்கு. அவர் கொடியைக் கையில் எடுத்துவிட்டார். அந்நேரம் சைல்ஸின் பயிற்சியாளர் விளக்கம் கேட்டார். ஒரு தாவலுக்குரிய முழு மதிப்பு தரப்படவில்லை என்பது கேள்வி. நடுவர்கள் ஏற்றார்கள். 0.1 கூடி 13.766 ஆனது. வெண்கலம் சைல்ஸுக்கு. பார்போசு கொடியைக் கீழே போட்டு அழுததை உலகம் பார்த்தது. மேடையில் ரெபேக்கா அன்ட்ரேட், பைல்ஸ், சைல்ஸ் என மூன்று கறுப்பினப் பெண்கள் நின்றதையும் பார்த்தது.

ருமேனியா தீர்ப்பாயத்துக்குப் போனது. கடைசியாக ஆடுபவர் ஒரு நிமிடத்துக்குள் கேட்க வேண்டும் என்பது விதி. சைல்ஸ் தரப்பு கேட்டது ஒரு நிமிடம் நான்கு நொடியில் என்று தீர்ப்பாயம் முடிவு செய்தது. 13.666 திரும்பி வந்தது, வெண்கலம் பார்போசுவுக்குப் போனது. 47ஆம் நொடியிலேயே கேட்டுவிட்டோம் என்று ஒளிப்பதிவோடு அமெரிக்கச் சம்மேளனம் வந்தது. ஏற்க வழியில்லை என்றார்கள். தீர்ப்பாயக் குழுவின் தலைவர் வேறு வழக்குகளில் ருமேனிய அரசுக்காக வாதாடியவர் என்பது பிறகு பெரிதாகப் பேசப்பட்டது. சைல்ஸ் சுவிட்சர்லாந்து உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார். இதற்கிடையே வொய்னியா கோட்டைத் தாண்டியதாக 0.1 கழிக்கப்பட்டிருந்தது, தாண்டவில்லை என்று ஒளிப்பதிவைக் காட்டினார்கள். அன்றே உரிய முறையில் கேட்கவில்லை என்று அவர் முறையீடு தள்ளுபடியானது.

தீர்ப்பில் ஒரு செய்தி பலரும் கவனிக்காதது. ஒரு நிமிட விதியைப் போட்ட சம்மேளனத்திடம், கேள்வி எப்போது வந்தது என்று அங்கேயே சரிபார்க்க எந்த ஏற்பாடும் இல்லை. தீர்ப்பாயமே இதைக் கண்டித்தது; தனக்கு அதிகாரம் இருந்திருந்தால் மூவருக்கும் வெண்கலம் தந்திருப்போம் என்றும் எழுதியது. அமைப்பின் ஓட்டைக்கு விலை கொடுத்தவர்கள் மூன்று இளம்பெண்கள். சைல்ஸ் மீது நிறவெறி வசவு, ருமேனியப் பெண்கள் மீது வேறு வசவு. இரண்டு பெண்கள் ஒருவர் பதக்கத்தை ஒருவர் திருடியதாகக் கதை கட்டப்பட்டது. கடிகாரம் வைக்காதவர்களின் பெயர் யாருக்கும் நினைவில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விளக்கம் கேட்கும் உரிமை கடின மதிப்பெண்ணுக்கு மட்டும்தான். நேர்த்தி மதிப்பெண்ணைக் கேள்வி கேட்க விதி இடம் தருவதில்லை. என்ன செய்தேன் என்று வாதிடலாம். எப்படி இருந்தேன் என்பதில் நடுவர் கண்ணே முடிவு. வசந்தவல்லியைப் பார்த்த கண்ணிலிருந்து நாம் பாதிதான் வெளியே வந்திருக்கிறோம்.

நம் பக்கம்

இதெல்லாம் இலஞ்சிக்கும் தென்காசிக்கும் தூரத்து விஷயம் என்று தோன்றலாம். பஞ்சுக் குழி கொண்ட பயிற்சிக்கூடம் நம் பிள்ளைகளுக்கு எட்டாதது. ஆனால் நடுவர் கண்ணால் மதிப்பெண் போடும் போட்டிகளில்தான் நம் பெண்பிள்ளைகள் அதிகம் கலந்துகொள்கிறார்கள்: யோகாசனம், சிலம்பம், பரதம், பேச்சு, கோலம். முடிவை ஒலிபெருக்கியில் சொல்வார்கள். தாளை யாரும் காட்டுவதில்லை, பிள்ளைகளும் கேட்பதில்லை. பெரியமனுஷி ஆனபின் உடையைக் காரணம் காட்டி நிறுத்தப்படும் பிள்ளைகளுக்கும் ஒரு செய்தி உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனிப் பெண்கள் கணுக்கால்வரை மூடிய உடையில் ஆடினார்கள். விதி அதற்கு முன்பே அனுமதித்ததுதான். அது இருக்கிறது என்று பயன்படுத்திக் காட்ட ஒரு குழு தேவைப்பட்டது.

வெல்லச் சொல்லிக்கொடுக்கும் நாம், தோற்றால் அழாதே என்றும் சொல்லிக்கொடுக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் ஒன்று விடுபடுகிறது. சிலம்பப் போட்டியில் மூன்றாமிடம் வந்த பெண் மேசைக்குப் போய், ‘சார், எனக்கு எங்கே கழிச்சீங்க?’ என்று கேட்கட்டும். பதில் நியாயமாக இருந்தால் அடுத்த வருடத்துக்கு அது அவளுக்குப் பாடம். நியாயமாக இல்லையென்றால் மேசையின் உயரத்தை ஒருமுறை அளக்க வேண்டும். கேட்டதற்காக அவளைத் திமிர்பிடித்தவள் என்று சொல்லாமல் இருப்பது, பக்கத்தில் நிற்கும் நம் வேலை.